வெட்டுண்ட மரத்தின் துளிர்

சென்ற ஆண்டு ஒருநாள் காலை வகுப்பில், ஆலு இம்ரான் அத்தியாயத்தில் மர்யம் (அலை) அவர்களுக்கு வானவர்கள் நற்செய்தி கூறும் பகுதியை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். ‘அல்-மஸீஹ்’ என்னும் சொல் வந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார்.

“ஹஜ்ரத், மஸீஹ் என்பது ஈஸா நபியின் சிறப்புப் பெயர் என்று படிக்கிறோம். ஆனால் ஈஸா நபியை ஏற்காத யூதர்களும் ஒரு மஸீஹை எதிர்பார்க்கிறார்கள் என்கிறார்களே! அவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?”

நாம் அன்று இரண்டொரு வாக்கியங்களில் விடை கூறி வகுப்பை முடித்துவிட்டோம். வீடு திரும்பிய பின்னர், கேட்ட கேள்வி பெரிதாகவும் சொன்ன விடை மிகச் சிறிதாகவும் நமக்குப் பட்டது. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘மஸஹ’ என்றால் அரபியில் தடவுதல். ஒளூச் செய்கையில் தலைக்கு ‘மஸ்ஹு’ செய்கிறோமே, அதே வேர்தான். ஈஸா (அலை) அவர்களுக்கு இப்பெயர் வந்த காரணத்தை நம் விரிவுரையாளர்கள் பலவாறு விளக்குவர். அவர்கள் நோயாளிகளைத் தடவிக் குணமாக்கியதால் என்பார் ஒரு சாரார். ஓரிடத்தில் தங்காமல் நிலத்தைச் சுற்றி வந்ததால் என்பார் மற்றொரு சாரார். அரபியின் உடன்பிறந்த மொழியாகிய எபிரேயத்தில் இதே வேரிலிருந்து பிறந்த ‘மாஷியஹ்’ என்னும் சொல்லுக்கு எண்ணெய் தடவப்பட்டவர் என்பது பொருள். அதுவே தமிழ்க் கிறித்தவர்களின் நாவில் ‘மேசியா’ ஆயிற்று. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே ‘கிறிஸ்து’. மூன்று சமயத்தார் வழங்கும் மூன்று பெயர்களும் ஒரே சொல்லின் மூன்று வடிவங்கள்.

எண்ணெய் ஏன் தடவினர்? பனீ இஸ்ராயீல் மக்களிடையே மன்னர் ஒருவர் பொறுப்பேற்கும்போது தலையில் எண்ணெய் வார்ப்பது வழக்கம். முடியைவிட அந்த எண்ணெயே அரசுரிமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. ஆகவே ‘மாஷியஹ்’ என்ற சொல் முதலில் குறித்தது உலக முடிவில் வரும் ஒருவரையன்று. ஆட்சியில் அமர்ந்திருக்கும் மன்னரையே. இந்தச் சாதாரணச் சொல் எவ்வாறு ஒரு சமுதாயத்தின் மாபெரும் நம்பிக்கையாக வளர்ந்தது என்பதுதான் நாம் காணவேண்டிய வரலாறு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வேதக்காரர்கள் அறிவிக்கும் செய்திகளை மெய்யென்றோ பொய்யென்றோ விரைந்து முடிவு கட்டிவிடலாகாது என்பது நாம் கற்ற ஒழுங்கு. எனவே, எபிரேயத் தீர்க்கதரிசிகளின் பெயரால் வழங்கும் ஏடுகள் என்ன கூறுகின்றன, அவை எந்தச் சூழலில் எழுந்தன என்பதை மட்டுமே இங்கு எடுத்துரைக்கிறோம்.

மன்னரைக் கேட்ட மக்கள்

தங்களுக்கு ஒரு மன்னரை நியமிக்குமாறு பனீ இஸ்ராயீலின் தலைவர்கள் தங்கள் நபியிடம் வேண்டியதையும், தாலூத் மன்னரானதையும், ஜாலூத்தை தாவூத் (அலை) வீழ்த்தியதையும் அல்பகறா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அந்த நபியின் பெயரைக் குர்ஆன் குறிப்பிடவில்லை. ஷம்வீல் என்பர் விரிவுரையாளர் பலர். எபிரேய ஏடுகளில் அவர் பெயர் சாமுவேல்.

மக்கள் மன்னரைக் கேட்டதும் சாமுவேல் மகிழவில்லை என்கின்றன அந்த ஏடுகள். மன்னர் வந்தால் என்ன நேரும் என்பதை அவர் விவரமாகவே எச்சரித்தாராம். உங்கள் ஆண்மக்களைத் தம் தேர்ப்படைக்கு இழுத்துக்கொள்வார்; பெண்மக்களைத் தம் அடுக்களைக்கு அழைத்துக்கொள்வார்; நல்ல வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பறித்துத் தம் ஊழியர்களுக்கு வழங்குவார்; இறுதியில் நீங்களே அவருக்கு அடிமைகளாவீர்கள் என்பது அதன் சாரம். மக்கள் கேட்கவில்லை, பிற இனத்தாரைப்போல் தங்களுக்கும் மன்னர் வேண்டும் என்றனர். ஆக, அந்தச் சமுதாயத்தில் அரச பதவி பிறக்கும்போதே ஓர் எச்சரிக்கையையும் உடன்கொண்டே பிறந்தது. பின்னால் வந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

தாலூத்துக்குப் பின் தாவூத் (அலை) அவர்களின் ஆட்சி. இறைவனுக்கு ஓர் இல்லம் கட்ட அவர்கள் விரும்பியபோது, நாத்தான் என்பவர் வாயிலாக ஒரு வாக்கு வந்ததாம்: நீர் எனக்கு வீடு கட்டவேண்டாம், நானே உமக்கு ஒரு வீட்டைக் கட்டுவேன், அது நிலைத்து நிற்கும் என்பது அதன் கருத்து. எபிரேயத்திலும் அரபியைப்போலவே ‘பைத்’ என்பது கல்லாலான வீட்டையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். அந்தச் சொல்நயத்தில் ஒரு வமிசத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. 1993ஆம் ஆண்டில் பலஸ்தீனத்துக்கு வடக்கே, யோர்தான் ஆற்றின் ஊற்றுகளை ஒட்டிய தெல் தான் என்னும் மேட்டில் அரமேய மொழிக் கல்வெட்டொன்றின் உடைந்த பகுதி கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் பகை மன்னர் ஒருவர் பொறித்த அக்கல்லில் ‘தாவூதின் பைத்’ என்ற தொடரை அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் படித்துள்ளனர். எதிரிகளும் அக்குலத்தை அப்பெயராலேயே அறிந்திருந்தனர் என்பது இதனால் புலனாகிறது.

ஸுலைமான் (அலை) அவர்களுக்குப் பின்னர், கி.மு. 930ஐ ஒட்டி நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கே இஸ்ராயீல் அரசு. தெற்கே பைத்துல் முகத்தஸைத் தலைநகராகக் கொண்ட யூதா அரசு. சாமுவேலின் எச்சரிக்கை பலித்ததற்கு வடநாட்டு ஆகாப் மன்னரின் கதை ஒன்றே போதும். அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத் என்ற குடிமகனின் திராட்சைத் தோட்டத்தின்மீது மன்னர் ஆசை கொண்டார். முன்னோர் சொத்தை விற்கமாட்டேன் என்றார் நாபோத். பொய்ச் சாட்சிகளை நிறுத்தி அவரைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள் அரசி. மன்னர் தோட்டத்தைக் கைப்பற்றச் சென்றபோது, அங்கேயே வந்து எதிரில் நின்று கண்டித்தவர் இல்யாஸ் (அலை) என்கின்றன அந்த ஏடுகள்.

நடுங்கிய மன்னரும் பிறக்கவிருந்த குழந்தையும்

வருங்கால மன்னரைப் பற்றிய பேச்சு முழு உருப்பெறுவது ஏசாயாவின் ஏட்டில். அரபு நூல்கள் ஷஃயா என அழைக்கும் இவர், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைத்துல் முகத்தஸில் வாழ்ந்தவர்.

கி.மு. 734ஐ ஒட்டிய நாட்கள். கிழக்கே அசீரியப் பேரரசு எழுந்து வந்துகொண்டிருந்தது. அதை எதிர்க்கத் தம்முடன் சேருமாறு டமாஸ்கஸ் மன்னரும் வடநாட்டு மன்னரும் யூதாவை நெருக்கினர். யூதாவின் மன்னர் ஆகாஸ் மறுத்ததால் அவரைத் தள்ளிவிட்டு வேறொருவரை அமர்த்தப் படையெடுத்தனர். காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல் மன்னரின் உள்ளமும் மக்களின் உள்ளமும் ஆடின என்கிறது ஏடு. அஞ்சவேண்டாம், இறைவனை நம்புக என்றார் ஏசாயா. ஆகாஸ் நம்பியதோ அசீரியாவை. ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அள்ளி அசீரியப் பேரரசனுக்கு அனுப்பி உதவி வேண்டினார். அவர் திறை செலுத்தியதை அசீரியக் கல்வெட்டும் சொல்கிறது.

அந்த நெருக்கடியின் நடுவில்தான் ஏசாயா பிறக்கவிருக்கும் ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். தாவூதின் அரியணையில் அமரும் அக்குழந்தையின் நாளில் போர்வீரரின் காலணிகளும் குருதி தோய்ந்த ஆடைகளும் நெருப்புக்கு இரையாகும். நீதியும் நேர்மையும் அந்த ஆட்சியின் அடித்தளமாக அமையும் என்கிறார். ஆகாஸின் மகன் எசேக்கியா மன்னரையே அவர் எண்ணியிருக்கலாம் என்பர் ஆய்வாளர் சிலர். ஈஸா (அலை) அவர்களையே அது குறித்தது என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. ஏடு பெயர் சொல்லவில்லை. ஆளைக் காட்டிலும் ஆட்சியின் இயல்பையே அது விரித்துரைக்கிறது.

அதே ஏட்டின் மற்றொரு பகுதி இன்னும் ஆழமானது. தாவூத் (அலை) அவர்களின் தந்தையார் பெயர் எபிரேய ஏடுகளில் ஈசாய். அந்த ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வெளிப்படும் என்கிறார் ஏசாயா. அடிமரம் என்றால் மேல்மரம் வெட்டப்பட்டது என்றுதானே பொருள்? ‘தாவூதின் மரம் தழைத்தோங்குக’ என்று வாழ்த்தியிருந்தால் அரண்மனை மகிழ்ந்திருக்கும். ஏசாயாவோ தாவூதின் பெயரைக்கூடச் சொல்லாமல், முடிசூடாத எளிய குடியானவராகிய தந்தையின் பெயருக்குச் சென்றுவிடுகிறார். அரசகுலம் கர்வம் கொண்டு கெட்டது. அது வேருக்குத் திரும்பித்தான் மீண்டும் தொடங்கவேண்டும் என்பது அதன் உட்பொருள்.

அந்தத் துளிர் எப்படி ஆளும்? கண்ணுக்குத் தெரிவதைக்கொண்டோ காதில் விழுவதைக்கொண்டோ தீர்ப்பளிக்காது. ஏழைகளுக்கு நீதி வழங்கும். இறையச்சமே அதன் மகிழ்ச்சி. அப்போது ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும், சிறு குழந்தை அவற்றை ஓட்டிச் செல்லும் என்று அச்சித்திரம் விரிகிறது. ஏசாயாவின் காலத்து அதிகாரிகள் கைக்கூலி வாங்கினர். அநாதைகளின் வழக்கு அவர்கள் காதில் ஏறவில்லை. செல்வர் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போயினர். இவற்றையெல்லாம் அதே ஏடு கண்டிக்கிறது. கண்டனத்தையும் கனவையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும். வருங்கால மன்னர் என்பவர் நிகழ்கால மன்னர்களை நிறுத்துப் பார்க்கும் தராசு.

ஏசாயாவின் காலத்தவரான மீகா தலைநகரத்தவர் அல்லர். மோரேசேத் என்னும் சிற்றூர்க்காரர். தலைவர்கள் பரிதானத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள், குருமார்கள் கூலிக்குப் போதிக்கிறார்கள், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறி சொல்கிறார்கள். ஆகவே இந்நகரம் வயலைப்போல் உழப்படும் என்றார் அவர். அவர் கண்ட வருங்கால ஆட்சியாளர் எருசலேமின் மாளிகையிலிருந்து வருபவர் அல்லர். பெத்லகேம் என்னும் சின்னஞ்சிறு ஊரிலிருந்து, ஆடு மேய்ப்பவரைப்போல் மக்களைப் பேண வருபவர். நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எரேமியா இதேபோல் பேசியதற்காக அவரைக் கொல்லவேண்டும் எனக் கூச்சல் எழுந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து மீகாவின் சொற்களை நினைவூட்டினர். எசேக்கியா மன்னர் மீகாவைக் கொல்லவில்லையே, இறைவனுக்கு அஞ்சினாரே என்றனர். எரேமியா அன்று உயிர் பிழைத்தார். ஒருவர் உரைத்த கடுஞ்சொல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மற்றொருவரின் உயிரைக் காத்த அதிசயம் இது.

எண்ணெய்க் கணக்கில் ஒரு மன்னர்

வட அரசு கி.மு. 722ஐ ஒட்டி அசீரியரால் அழிந்தது. யூதா மேலும் ஏறத்தாழ 135 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. அதன் கடைசி நாட்களைக் கண்ணால் கண்டவர் எரேமியா. அரபு நூல்களில் இர்மியா.

நல்ல மன்னரெனப் பெயர் பெற்ற யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தியரால் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் ஆண்ட மகன் யோயாக்கீம், கேதுரு மரப் பலகை பதித்து மாளிகை எழுப்பினார். உழைத்தவர்க்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவரைக் கேட்ட கேள்வி கூரியது. கேதுரு மரத்தில் போட்டி போடுவதாலா நீர் மன்னர்? உம் தந்தையும் உண்டார், பருகினார். ஆனால் ஏழையின் வழக்கை விசாரித்தார். இறைவனை அறிவது என்பது அதுவன்றோ என்பது அவர் கேட்டதன் கருத்து. இறைவனை அறிதலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அந்த ஏடுகளில் வேறு உண்டா என நமக்குத் தெரியவில்லை.

யோயாக்கீமின் மகனின் பெயர் யோயாக்கீன். பெயர்கள் ஒத்திருப்பதால் வாசகர்கள் மயங்கவேண்டாம். மூன்றே மாதம் ஆண்ட இந்த இளைஞரை, நம் நூல்கள் புக்துநஸ்ஸர் என்றழைக்கும் பாபிலோனியப் பேரரசர் கி.மு. 597இல் சிறைபிடித்துச் சென்றார். இறைவனின் வலக்கையில் முத்திரை மோதிரமாக இருந்தாலும் இவரைக் கழற்றி எறிவேன் என எரேமியா முன்பே உரைத்திருந்தார்.

அடுத்து அமர்த்தப்பட்டவர் சிதேக்கியா. ‘இறைவனே என் நீதி’ என்பது அப்பெயரின் பொருள். எபிரேய ‘ஸெதெக்’ நம் ‘ஸித்க்’ என்பதன் உடன்பிறப்பு; அங்கே நீதி, இங்கே வாய்மை. பாபிலோனியர் நகரை முற்றுகையிட்டபோது, அடிமைகளாக இருந்த சொந்த இனத்தாரை விடுதலை செய்வதாகச் சிதேக்கியாவும் செல்வர்களும் உடன்படிக்கை செய்தனர். எகிப்தியப் படை வருகிறது என்று கேள்வியுற்று முற்றுகை சற்றே விலகியதும், விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர்! ஆபத்தில் கொடுத்த வாக்கை ஆறுதல் கிடைத்ததும் விழுங்கிவிட்டனர். இத்தகைய மன்னரின் நாட்களைக் குறித்த ஏட்டிலேயே, தாவூதுக்கு நேர்மையான ஒரு கிளை எழும், அவர் பெயர் ‘இறைவனே நம் நீதி’ என்றிருக்கும் என எழுதப்பட்டுள்ளது. சிதேக்கியா தம் பெயரில் மட்டும் சுமந்த நீதியை வரப்போகிறவர் செயலில் காட்டுவார் என்பது அதன் குத்தல்.

கி.மு. 586இல் நகரமும் ஆலயமும் எரிந்தன. தப்பியோடிய சிதேக்கியா எரிகோவருகே பிடிபட்டார். அவர் கண்ணெதிரே அவருடைய பிள்ளைகள் கொல்லப்பட்டனர். அத்துடன் அவருடைய கண்களும் பறிக்கப்பட்டன. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட தாவூதின் குலம் அரியணையை இழந்தது.

இந்த இடத்தில் அகழ்வாராய்ச்சி தந்த ஒரு சான்றை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஜெர்மானியர்கள் 1899 முதல் 1917 வரை பாபிலோனில் தோண்டியபோது அரண்மனைப் பகுதியில் களிமண் பலகைகள் பல கிடைத்தன. 1939இல் எர்ன்ஸ்ட் வைட்னர் என்னும் அறிஞர் அவற்றுள் சிலவற்றைப் படித்து வெளியிட்டார். அவை அரண்மனைக் கிடங்கிலிருந்து கைதிகளுக்கும் பணியாளர்களுக்கும் வழங்கப்பட்ட பொருள்களின் கணக்கு. அவற்றில் யூதா நாட்டு மன்னராகிய யோயாக்கீனின் பெயரும் அவர் பிள்ளைகள் ஐவரும் இடம்பெற்றுள்ளனர். அவர்களுக்கு அளந்து கொடுத்த பொருள் எது தெரியுமா? எண்ணெய்!

எண்ணெய் வார்க்கப்பட்ட மன்னர், எதிரியின் கிடங்கில் எண்ணெய்க்குக் கையேந்தி நின்றார். ‘மாஷியஹ்’ என்ற சொல்லின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான ஏடு வேறில்லை.

மன்னரில்லாத மக்கள்

மன்னர் கைதி, நகரம் சாம்பல். இயல்பாகப் பார்த்தால் அந்த நம்பிக்கை அங்கேயே மடிந்திருக்கவேண்டும். மாறாக, அங்கேதான் அது புதுவடிவம் பெற்றது.

யோயாக்கீனுடன் நாடு கடத்தப்பட்டவர்களுள் எசேக்கியேல் ஒருவர். பாபிலோனியக் கால்வாய்க் கரையில் வாழ்ந்த அவர், பழைய மன்னர்களை மந்தையின் கொழுப்பைத் தின்று, கம்பளியை உடுத்தி, நலிந்த ஆட்டைக் கைவிட்ட மேய்ப்பர்கள் என்று சாடினார். தாவூதைப் போன்ற ஒரே மேய்ப்பர் வருவார் என்றும் கூறினார். எனினும் புதிய ஆலயத்தையும் நாட்டையும் அவர் வரைந்து காட்டும் இடத்தில், ஆள்பவரை ‘மெலெக்’, அதாவது மலிக் என அழைக்கவில்லை. ‘நாஸி’, அதாவது தலைவர் என்றே அழைக்கிறார். அவருக்கென நிலம் அளந்து கொடுத்து, அதற்கு வெளியே குடிமக்களின் சொத்தில் கை வைக்கலாகாது என்று வரம்பும் கட்டுகிறார். நாபோத்தின் தோட்டத்தை அவர் மறக்கவில்லை போலும்!

கி.மு. 539இல் பாரசீகப் பேரரசர் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றினார். ஏசாயாவின் ஏட்டில் 40ஆம் அத்தியாயம் முதலான பகுதி இக்காலத்து வேறொருவர் உரைத்தது என்பர் ஆய்வாளர்களில் பெரும்பாலோர். அப்பகுதியில் ‘மாஷியஹ்’ என்னும் பட்டம் யாருக்குச் சூட்டப்பட்டுள்ளது என்று பார்த்தால் வியப்பே மேலிடும். தாவூதின் குலத்தவருக்கன்று; இஸ்ராயீலரே அல்லாத இந்தச் சைரஸுக்கு! வருங்கால நீதி மன்னரைப் பற்றி மேலே நாம் கண்ட பகுதிகள் எதிலும் அச்சொல் வரவில்லை என்பதையும் வாசகர்கள் கருதவேண்டும். நம் மாணவரின் கேள்விக்கு இதில் பாதி விடை அடங்கியிருக்கிறது. தீர்க்கதரிசிகள் பட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, பணியையே நோக்கினர். அடைபட்டவர்களை விடுவிக்க இறைவன் எவரைக் கருவியாக்கினாலும் அவரை ஏற்கும் விரிவு அவர்களிடம் இருந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு ஆளுநராக அமைந்த செருபாபேல், யோயாக்கீனின் பேரர். கி.மு. 520இல் ஆகாய் என்பவர் அவரை இறைவனின் முத்திரை மோதிரம் என்று போற்றினார். பாட்டனாரைக் குறித்து எரேமியா கழற்றிய மோதிரத்தைப் பேரருக்கு ஆகாய் மீண்டும் அணிவித்தார் எனலாம். ஆனால் ஆலயம் கி.மு. 515இல் நிறைவெய்திய வேளையில் செருபாபேலைப் பற்றிய பேச்சே ஏடுகளில் இல்லை. அவர் என்ன ஆனார் என்பதை வரலாறு சொல்லவில்லை. அரியணையும் திரும்பவில்லை.

அதன் பின்னரும் நம்பிக்கை அணையவில்லை. சகரியாவின் ஏட்டில், பிற்காலத்தது எனக் கருதப்படும் ஒரு பகுதி, வரப்போகும் மன்னரைக் கழுதை மீது ஏற்றுகிறது. அவர் நீதியுள்ளவர், எளியவர். அவர் வருகையில் தேர்களும் போர்க்குதிரைகளும் வில்லும் ஒழியும். பிற இனத்தாருக்கும் அவர் சமாதானம் உரைப்பார். மன்னர் வந்தால் உங்கள் பிள்ளைகளைத் தேர்களுக்கு இழுப்பார் என்று தொடங்கிய கதை, தேர்களையே ஒழிக்கும் மன்னரில் வந்து நிற்கிறது.

தராசு வாளான கதை

கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேமுக்குள் புகுந்தார். தாவூதின் வமிசத்தவர் அல்லாத குடும்பத்தார் அதற்கு முன்பே முடிசூடி ஆண்டிருந்தனர். உள்ளே அநீதி, வெளியே அந்நியர் என்ற அந்நிலையில்தான், தாவூதின் மகனாகிய ‘எண்ணெய் வார்க்கப்பட்டவரை’ அனுப்பியருள வேண்டும் ஏக்கம் அக்காலப் பாடல்களில் வெளிப்படையாக ஒலிக்கிறது. 1947இல் சாக்கடலருகே குகைகளில் கிடைக்கத் தொடங்கிய சுருள்களில், குருவாக ஒருவரும் மன்னராக ஒருவருமாக இரண்டு மஸீஹ்களை எதிர்பார்த்த ஒரு கூட்டத்தாரின் நூல்களும் உள்ளன. எதிர்பார்ப்பு ஒன்றாக இருந்தாலும் அதன் வடிவங்கள் பலவாயின. இச்சூழலில்தான் ஈஸா (அலை) தோன்றினார்கள்.

கி.பி. 132இல் சீமோன் என்ற தலைவர் ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தார். பெரும் அறிஞர் அகிபா அவரை மஸீஹ் என்றே ஏற்றார் என யூதர்களின் மரபு கூறும். ‘பார் கொக்பா’, அதாவது நட்சத்திரத்தின் மகன் என்று அவரை அழைத்தனர். நம் ‘கவ்கப்’ தான் அந்தக் கொக்பா. 1960, 1961ஆம் ஆண்டுகளில் பாலைக் குகையொன்றில் அவருடைய கடிதங்கள் சில கிடைத்தன. எசேக்கியேல் வழங்கிய அதே ‘நாஸி’ என்ற பட்டத்தை அவர் தம் நாணயங்களில் பொறித்திருந்தார். கி.பி. 135இல் எல்லாம் முடிந்தது. கொல்லப்பட்டோர் 5,80,000 என்று ரோம வரலாற்றாசிரியர் காஸியஸ் தியோ எழுதுகிறார். எருசலேமுக்குள் யூதர் நுழையவே தடை விதிக்கப்பட்டது. நட்சத்திரத்தின் மகன் என்று போற்றிய வாய்களே பின்னர் ‘பார் கோஸிபா’, பொய்யின் மகன் என்றன. அரபியின் ‘கதிப்’ என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இதன் கசப்பு விளங்கும். தராசாக இருந்த நம்பிக்கையை வாளாக மாற்றியதன் விலை அது.

இதன் படிப்பினையை நன்கறிந்த ஒருவர் மூஸா இப்னு மைமூன். 12ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் பிறந்து, 1204இல் எகிப்தில் மறைந்த இந்த யூத மருத்துவ மேதை தம் நூல்களில் பலவற்றை அரபியில் எழுதியவர். மஸீஹ் வருவார் என்பதைத் தம் சமயத்தின் பதின்மூன்று அடிப்படைகளுள் ஒன்றாக வகுத்தவரும் அவரே. யமனில் ஆட்சியாளரின் நெருக்கடியால் யூதர்கள் கலங்கியிருந்தபோது, மஸீஹ் வருகையை முழங்கி ஒருவர் அங்கே கிளம்பினார். மக்கள் எழுதிக் கேட்டனர். 1172ஐ ஒட்டி இப்னு மைமூன் அரபியில் எழுதிய மறுமொழி புகழ்பெற்றது. நம்பிக்கையை விடாதீர்கள், ஆனால் நாள் குறிக்காதீர்கள், வருகிறவரையெல்லாம் நம்பிவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. மஸீஹின் நாட்களை அறிஞர்கள் விரும்பியது உலகை ஆள்வதற்காகவன்று. இடையூறின்றி ஞானம் தேடுவதற்காகவே என்று மற்றொரு நூலில் எழுதினார்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு, மறைக்காமல் சொல்லவேண்டும். இப்னு மைமூனின் குடும்பம் குர்துபாவை விட்டு வெளியேற நேர்ந்தது ஏன்? 1148இல் அந்நகரைக் கைப்பற்றிய முவஹ்ஹித்களின் கெடுபிடியால். அவர்களின் நிறுவனரான இப்னு தூமர்த், 1121ஐ ஒட்டித் தம்மையே மஹ்தி என அறிவித்துக்கொண்டவர். பூமியை நீதியால் நிரப்ப வருபவர் என்னும் பெயரால் எழுந்த அரசு, சிறுபான்மையினரை ஊர் ஊராகத் துரத்தியது! எண்ணெய் வார்த்தாலும் வார்க்காவிட்டாலும், எந்தச் சமுதாயத்தாரும் இந்தச் சறுக்கலுக்கு விலக்கல்லர்.

ஸாத் அத்தியாயத்தில் அல்லாஹ் தாவூத் (அலை) அவர்களைப் பூமியில் பிரதிநிதியாக்கியதாகக் கூறும் அதே வசனத்திலேயே, மனிதரிடையே நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் மன இச்சையைப் பின்பற்றாதிருக்குமாறும் கட்டளையிடுகிறான். பதவியும் கட்டளையும் ஒரே மூச்சில் வருகின்றன. பிற்கால மன்னர்கள் பதவியை வைத்துக்கொண்டு கட்டளையை மறந்தனர். மறந்ததை நினைவூட்டவே அந்தத் தீர்க்கதரிசிகள் வருங்கால மன்னரைப் பற்றிப் பேசினர் என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த வகுப்பில் அந்த மாணவரை அழைத்து இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் அவர் வரும்வரை காத்திருப்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்றும் அந்த ஏடுகள் சொல்கின்றனவா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

சொல்கின்றன என்றோம். கூலியாளின் கூலியை நிறுத்திவைக்காதே. அநாதையின் வழக்கைத் தள்ளிப்போடாதே. அயலானின் தோட்டத்துக்கு ஆசைப்படாதே. வருகிறவர் எந்தக் காரியங்களுக்காக வருகிறாரோ, அவற்றில் நம் கைக்கு எட்டியதை இன்றே தொடங்கிவிடுபவர்தாம் உண்மையில் அவரை எதிர்பார்ப்பவர். மற்றவர்கள் வெறுமனே நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.